பதினொன்றாம் வகுப்பு அரசாங்க சைக்கிள்: பல்லைப் பிடித்துப் பார்த்த ரிவ்யூ

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அதனால்தானோ என்னவோ, வருடா வருடம் லட்சக்கணக்கில் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிற ஒரு வண்டிக்கு உருப்படியான ரிவ்யூ ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. முப்பதாயிரம் ரூபாய் கியர் சைக்கிளுக்கு அரை மணி நேர வீடியோ கிடைக்கிறது, எங்கள் தெருவில் அதை வாங்கப் போகிறவர் யாரும் இல்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விலையில்லா மிதிவண்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ஓசி வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். ஓசியெல்லாம் ஒன்றும் இல்லை. 2022-23 கல்வியாண்டில் சுமார் 6.35 லட்சம் பிள்ளைகளுக்காக ஏறக்குறைய 323 கோடி ரூபாய் இதற்கு ஒதுக்கினார்கள். வகுத்துப் பார்த்தால் வண்டி ஒன்றுக்கு ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. நாம் சோப்புக்கும் சேமியாவுக்கும் கட்டின வரிதான் அது. அதனால் தாராளமாகப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்.

நான் எழுதுவது பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாடலைப் பற்றி. என் அண்ணன் மகளுக்குப் போன வருடம் வந்தது, இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள். புதுக்கோட்டை மாவட்டத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர் எங்களுடையது. பத்தாவது வரைக்கும் பக்கத்து ஊரில் பள்ளி இருக்கிறது, பதினொன்றுக்கு அதையும் தாண்டிப் போக வேண்டும், ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வண்டியை ஓட்டுவது அவள், ரிப்பேர் செலவு அத்தையான என் தலையில். ஆக, எழுத எனக்கு உரிமை உண்டு.

முதலில் வண்டி. நடுவில் பார் இல்லாத லேடீஸ் ஃபிரேம், முன்னால் கூடை, பின்னால் கேரியர், பெல், பூட்டு, செயின் கவர், சக்கரத்தில் துணி மாட்டாமல் இருக்கப் பக்கவாட்டில் சாரி கார்டு. கூடையில் அரசு முத்திரை போட்ட தகடு ஒன்று. ஃபிரேமைக் குறை சொல்லவே முடியாது. கனமான இரும்பு, வெல்டிங் விட்டுப்போனதாக எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பின்னால் ஒரு தோழி, முன்கூடையில் இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பை, கேரியரில் உட்கார்ந்தவள் முதுகில் ஒரு புத்தக மூட்டை, மடியில் இன்னொன்று. இப்படித்தான் தினமும் போகிறது, ஃபிரேம் அசரவில்லை. கனம் என்பது ஏற்றத்தில் மிதிக்கும்போது தெரியும், அதிலும் எதிர்க்காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் நன்றாகவே தெரியும். ஆனால் இந்த ரோட்டுக்கு லேசான வண்டி கொடுத்திருந்தால் ஆறு மாதத்தில் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

கூடைதான் முதலில் போகும். கூடையைத் தாங்குகிற இரண்டு கம்பி முன்சக்கர நட்டோடு சேர்த்து முடுக்கி இருக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் நாள் முழுக்கக் கடகடவென்று ஆடி, அந்த நட்டு தளர்ந்து, ஒரு நாள் கம்பி கழன்று தொங்கும். அதற்குள் சாம்பார் டப்பா கவிழ்ந்து வேதியியல் நோட்டு வீணாகி இருக்கும். கம்பியோடு ஒரு வாஷர் கூடப் போட்டு முடுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, நாலு ரூபாய் சமாச்சாரம். அதைக் கம்பெனியே போட்டுக் கொடுத்திருக்கலாம்.

பிரேக் சுமார். வெயில் காலத்தில் பிடிக்கும், மழை நாளில் ரிம் நனைந்துவிட்டால் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். சைக்கிள் என்றாலே அப்படித்தான் என்பார்கள், சரிதான், ஆனால் கூடவே வந்த பிரேக் கட்டை கொஞ்சம் கெட்டி ரகம், ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மாற்றிவிடுவது நல்லது. டயர் பரவாயில்லை. டியூப்தான் மெலிசு, கருவேல முள் இருக்கிற ஊர்க்காரர்கள் பஞ்சருக்குத் தனியாக பட்ஜெட் போட்டுக்கொள்ள வேண்டும். லைட் கிடையாது. இது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற விஷயம், ஏனென்றால் இந்த வண்டி ஓடுகிறதே ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டுகிற நேரத்தில்தான். பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறது, லாரிக்காரர் கண்ணில் அது படலாம், எதிரே கிடக்கிற பள்ளம் பிள்ளையின் கண்ணில் எப்படிப் படும்?

இன்னொரு குறை சைஸ். எல்லோருக்கும் ஒரே உயரம். பதினாறு வயதுப் பெண்கள் எல்லோரும் ஒரே உயரமா இருப்பார்கள்? சீட்டை முழுசாக இறக்கிவிட்டும் கால் எட்டாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் சீட் நுனியில் உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து மிதிப்பதைப் பார்த்தால் நமக்கே இடுப்பு வலிக்கும்.

இதெல்லாம் வண்டியோடு பிறந்த குணம். இதைவிடப் பெரிய தொந்தரவு வேறு. இந்த வண்டிகள் முழு சைக்கிளாக வருவதில்லை. பாகம் பாகமாக லாரியில் வந்து, பள்ளி மைதானத்திலேயே கான்ட்ராக்ட் ஆட்கள் உட்கார்ந்து பூட்டுகிறார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பூட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைக்கு வந்த வண்டியில் ஹேண்டில்பார் ஒரு பக்கம் பார்க்கிறது, முன்சக்கரம் ஒரு பக்கம் பார்க்கிறது. பெடல் மிதித்தால் 'டக் டக்' என்று ஒரு சத்தம். நேராக எங்கள் ஊர் சைக்கிள் கடைக்குத்தான் கொண்டு போனோம். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல், இந்த வண்டிகள் வருகிற சீசனில் அவருக்குக் கொண்டாட்டம். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கோட்டத்தைக் கண்ணாலேயே அளந்தார்.

"ஏண்ணே, இவ்வளவு மோசமாவா குடுப்பாங்க?" என்றேன்.

"வண்டி மோசம் இல்லம்மா. பூட்டுன கைதான் அவசரக் கை. ஒரு நாளைக்கு இத்தனைன்னு கணக்கு வச்சுப் பூட்டுறவன், ஒவ்வொரு நட்டா தட்டிப் பாத்துக்கிட்டு இருப்பானா? கிரீஸ பாரு, தொட்டுக் காட்டியிருக்கான்."

பெடல் அச்சில் கிராங்கைப் பிடிக்கிற கொட்டர் பின் பாதிதான் இறங்கி இருந்தது, அதுதான் அந்தச் சத்தம். அதை அடித்து இறக்கி நட்டு போட்டார், கழுத்து பால்ரஸைத் திறந்து கிரீஸ் அப்பினார், பின்சக்கரக் கோட்டம் எடுத்தார், செயினைக் கொஞ்சம் இழுத்து வைத்தார், பிரேக் கட்டை நான்கையும் மாற்றினார். ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வெளியே வந்த வண்டி வேறு வண்டி. ஆகவே, வாங்கப் போகிற பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பள்ளியில் கொடுத்த கையோடு பிள்ளையை ஏற்றி ஓட்டிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். தள்ளிக்கொண்டு வரட்டும். முதல் சவாரி சைக்கிள் கடைக்கு அப்புறம்.

வண்டி என்கிற அளவில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஆனால் இதை வெறும் வண்டியாக மட்டும் பார்த்தால் கணக்கு தப்பாகிவிடும். இது என்ன வேலைக்கு வந்த பொருள்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தி வைக்க. அந்த வேலையைச் செய்கிறதா?

எங்கள் ஊர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, நல்ல விஷயம். ஆனால் பஸ் இருந்தால்தானே! காலையில் ஒரு வண்டி, அதை விட்டால் அடுத்தது முதல் பீரியட் முடிந்த பிறகுதான். சாயங்காலம் பள்ளி விட்டதும் ஒன்று, பிறகு ராத்திரி ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒன்று உண்டு. அது முடிவது இந்த இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில். முன்பெல்லாம் எங்கள் பக்கத்துப் பெண்கள் கிளாஸ் டீச்சரிடம் கெஞ்சி, ஸ்பெஷல் கிளாஸை விட்டுவிட்டு நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், கணக்கில் முப்பது மார்க் அங்கேயே போகும். அப்புறம் பஸ் ஒரு நாள் வராது. "வரலைன்னா என்ன பண்ணுவ? இருட்டுல எப்படி வருவ? போதும் படிச்சது" என்கிற பேச்சு வீட்டில் ஆரம்பிக்கும். படிப்பு நிற்பதற்குப் பெரிய காரணமெல்லாம் தேவையே இல்லை, வராத ஒரு பஸ் போதும்.

இப்போது ஐந்து பெண்கள் சேர்ந்து கிளம்புகிறார்கள். ஒருத்திக்குப் பஞ்சர் என்றால் ஐந்து பேரும் நின்று, அவளை ஒருத்தி பின்னால் ஏற்றிக்கொண்டு, அவள் வண்டியை இன்னொருத்தி ஒரு கையால் இழுத்துக்கொண்டு வருவாள். கூட்டமாகப் போவதால் வீட்டில் பயம் குறைகிறது. வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சவுண்டு விடுகிறவனுக்கும் ஐந்து பேரைப் பார்த்துச் சவுண்டு வருவதில்லை. என் அண்ணனுக்குப் பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவதில் விருப்பமே இருந்ததில்லை. "எல்லாப் புள்ளையும் போகுது, இது மட்டும் வீட்ல இருந்து என்ன செய்யப் போகுது" என்று அவரே இப்போது சொல்கிறார். அந்த 'எல்லாப் புள்ளையும்' என்கிற வார்த்தைக்குத்தான் 323 கோடி கொடுக்கலாம் என்பேன். ஒரு வீட்டில் மட்டும் பெண்ணுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தால் ஊர் வாய் சும்மா இருந்திருக்காது. வகுப்புக்கே கொடுத்துவிட்டதால் பேச ஆளில்லை.

புதுக்கோட்டைக்காரியாக இருந்துகொண்டு இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், எழுத்துப் பாடத்தோடு சைக்கிள் பழகுவதையும் சேர்த்தார்கள். கல்குவாரியில் வேலை செய்கிற பெண்கள், அங்கன்வாடி டீச்சர்கள், விவசாயக் கூலிகள் எல்லோரும் பழகினார்கள். எழுபதாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் ஊரறிய ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள், நடு பாரில் ஒரு குழந்தை, பின்னால் தண்ணீர்க் குடம். எங்கள் அம்மா தலைமுறை அது. வேடிக்கை என்னவென்றால், அந்த மாவட்டத்திலேயே இப்போது பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் கையில் வந்த பிறகுதான் பழகுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் டூவீலர் வந்து, அப்பா பின்னால் உட்கார்ந்து போயே பழகியவர்கள். என் அண்ணன் மகளும் கொஞ்சம் அப்படித்தான். அவளுக்குப் பழக்கியது அவள் ஆத்தா, அதாவது எங்கள் அம்மா. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாது, முட்டி வலி. திண்ணையில் உட்கார்ந்தபடி "கீழ பாக்காத, எதிர்ல பாரு" என்று கத்தியே பழக்கினார்.

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுப்பது 2001-02 வாக்கில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்றுதான் ஆரம்பித்தது, பிறகு எல்லா வகுப்பினருக்கும், ஆண்பிள்ளைகளுக்கும் என்று விரிந்தது. சரி, இதனால் நிஜமாகவே பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்களா, இல்லை நாமாகச் சொல்லிக்கொள்கிறோமா என்று கேட்டால், அதற்கு நல்ல பதில் பீகாரில் இருந்து வருகிறது. அங்கே நிதிஷ்குமார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிற பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. அதை கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அலசினார்கள். அவர்கள் செய்த வேலை எளிது, கெட்டியானது. பீகாரிலேயே ஆண்பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள், பக்கத்திலே அதே மாதிரி நிலைமையில் இருந்து இந்தத் திட்டம் இல்லாத ஜார்கண்டோடும் ஒப்பிட்டார்கள். சரியான வயதில் உயர்நிலை வகுப்பில் சேர்கிற பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய பெண்கள் 18 சதவீதம் கூடினார்கள், தேறியவர்கள் 12 சதவீதம்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இந்த சதவீதங்கள் இல்லை. சேர்க்கை எங்கே கூடியது என்று பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்த ஊர்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தூரமாக இருந்த ஊர்களில்தான் கூடியது. ஓசியில் ஏதோ கிடைக்கிறது என்று பெயருக்குச் சேர்ந்திருந்தால் பக்கத்து ஊரிலும் சேர்ந்திருப்பார்கள்தானே? தடையாக இருந்தது தூரம், சைக்கிள் அதைத் தின்றது. எங்கள் ஊர் நிலைமைக்கு அப்படியே பொருந்துகிறது.

இங்கேதான் நம் திட்டத்தின் மீது எனக்கு இருக்கிற ஒரே பெரிய புகார். பீகாரில் ஒன்பதில் கொடுத்தார்கள். மேற்கு வங்கத்தில் 2015இல் தொடங்கின சபுஜ் சாத்தி என்கிற சைக்கிள் திட்டமும் ஒன்பதிலிருந்துதான், ஒரு கோடி வண்டிக்கு மேல் கொடுத்துவிட்டார்கள். நாம் பதினொன்றில் கொடுக்கிறோம். பதினொன்றுக்கு வந்து சேர்ந்த பெண், பத்தாவது பாஸ் பண்ணியவள். அவள் பாதிக் கடலைத் தாண்டிவிட்டாள். விழுகிறவள் விழுவது எட்டுக்கும் பத்துக்கும் நடுவில். எட்டாவது வரை பள்ளி ஊரிலேயே அல்லது பக்கத்திலேயே இருக்கிறது, கட்டாயக் கல்விச் சட்டமும் எட்டோடு, பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதுக்கு வேறு ஊர் போக வேண்டும். அதே வயதில்தான் பெண் வயதுக்கு வந்திருப்பாள், வீட்டில் கண்காணிப்பு கூடி இருக்கும். கூலிக்குப் போகிற அம்மாவுக்குத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்படும். மாமன் வீட்டில் இருந்து கல்யாணப் பேச்சு மெதுவாக ஆரம்பிக்கும். இத்தனையும் ஒரே வருடத்தில் அவள் தலையில் வந்து இறங்குகிறது, கூடவே மூன்று நான்கு கிலோமீட்டர் நடை வேறு. மத்திய அரசின் இடைநிலைக் கல்வித் திட்டம் 2009இல் வந்தபோது ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்பதை இலக்காக வைத்தார்கள். ஐந்து கிலோமீட்டர் என்பது மேப்பில் பக்கம். காட்டுக் கருவேலம் மண்டின வண்டிப்பாதையில், மழைக்காலச் சாயங்காலத்தில், பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது பக்கமா?

நாங்கள் கிராமத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். அக்கா பன்னிரண்டாவது முடித்ததும் அவள் வண்டி ஒன்பதாவது போகிற தங்கைக்கு வந்துவிடும். புது டயர், புது ஃப்ரீவீல் போட்டால் இன்னும் நாலு வருடம் ஓடும். அதனால்தான் அக்கா இருக்கிற பெண் எப்படியோ பத்தாவது தாண்டிவிடுகிறாள். மாட்டிக்கொள்வது மூத்தவள். அவளுக்கு விட்டுக்கொடுக்க வீட்டில் வண்டி கிடையாது, கீழே இருக்கிற குழந்தைகளைப் பார்க்க வேண்டியவளும் அவள்தான். திட்டத்தின் வண்டி அவளுக்காகப் பதினொன்றாம் வகுப்பு வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறது, அவள் அந்த வாசலுக்கே வருவதில்லை. இரண்டு வகுப்பு முன்னால் நகர்த்தினால் போதும், வண்டியின் எண்ணிக்கை கொஞ்சம் கூடும், அதே வண்டி பன்னிரண்டு வரைக்கும் அவளுக்கு ஓடவும் செய்யும். இதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. இந்தத் திட்டம் பள்ளிக்கல்வித் துறையிடம் இல்லாமல் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை வழியாக நடப்பதால், எந்த வகுப்பில் பிள்ளை நிற்கிறது என்கிற கணக்கு ஒரு இடத்திலும் சைக்கிள் கணக்கு இன்னொரு இடத்திலும் இருக்கிறதோ என்று தோன்றும். இது என் ஊகம்தான்.

பணமாகவே கொடுத்துவிடலாமே, அவரவர் பிடித்த வண்டி வாங்கிக்கொள்வார்களே என்று கேட்பவர்கள் உண்டு. பீகாரில் அப்படித்தான் தொடங்கினார்கள். பணத்தை வாங்கியவர்கள் பெரும்பாலும் சைக்கிள்தான் வாங்கினார்கள், போதாததற்குக் கைக்காசையும் போட்டார்கள். நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே "டாஸ்மாக்குக்குப் போயிடும்" என்று ஒரு பதில் ரெடியாக வரும். எல்லா அப்பாக்களையும் அப்படிச் சொல்வது அநியாயம். ஆனாலும் எனக்கு வண்டியாகக் கொடுப்பதே பிடித்திருக்கிறது, காரணம் வேறு: வண்டி பெண்ணின் பெயரில், பள்ளியில், எல்லோர் முன்னாலும் அவள் கையில் வருகிறது. வீட்டில் அது 'பாப்பா வண்டி'. அண்ணன்காரன் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பணம் அப்பா கணக்குக்குப் போயிருந்தால் அந்த வண்டி 'வீட்டு வண்டி' ஆகி, காலையில் பால் சொசைட்டிக்கும் சாயங்காலம் தோட்டத்துக்கும் போயிருக்கும்.

கொடுக்கிற நேரம்தான் படு மோசம். பள்ளி திறப்பது ஜூனில். வண்டி மைதானத்தில் வந்து பூட்டி நிற்க வைத்த பிறகும், முக்கியஸ்தர் யாராவது தேதி கொடுக்க வேண்டும், விழா நடக்க வேண்டும். அதுவரை வரிசையாக வெயிலிலும் மழையிலும் நிற்கும், செயின் துருப்பிடிக்கும். எங்கள் பிள்ளைக்குக் காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு கிடைத்தது. சில வருடங்களில் இதைவிடவும் தாமதம் ஆனதாகக் கேள்வி. பதினொன்றாம் வகுப்பின் முதல் பாதி, அதாவது புது ஊர், புதுப் பள்ளி, புதுப் பாடம் என்று பிள்ளை திணறுகிற காலம் முழுவதும், பழையபடி பஸ்ஸுக்காக ஓடினாள். சாவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுக்க ஆள் வராவிட்டால் என்ன? ஹெட்மாஸ்டரே ஜூன் முதல் வாரத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஆப்பிரிக்காவில் இதே வேலைக்கு ஓடுகிற ஒரு வண்டியைப் பற்றிப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் பொறாமையே வந்தது. பெயர் பஃபலோ. 'வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப்' என்கிற அமைப்பு செய்வது. இந்த அமைப்பு பிறந்த கதை நமக்குப் பக்கத்தில்தான்: 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் எல்லாவற்றையும் இழந்த ஜனங்களுக்கு இருபதாயிரத்துக்கும் அதிகமான சைக்கிள்கள் கொடுத்துத்தான் ஆரம்பித்தார்கள். அப்புறம் ஜாம்பியா பக்கம் போனார்கள். பஃபலோவில் பிரேக் கைப்பிடியில் கிடையாது, பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் சக்கரத்துக்குள்ளேயே பிடிக்கும். மழையானாலும் சேறானாலும் ஒன்றுதான், மாற்றுவதற்குக் கட்டையும் இல்லை. கேரியர் 100 கிலோ தாங்கும். இதெல்லாம்கூட இருக்கட்டும், அவர்கள் வண்டியைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுவதில்லை. அந்தந்தப் பகுதியிலேயே ஆட்களைப் பிடித்து மெக்கானிக் வேலை பழக்கிவிடுகிறார்கள், பள்ளி அளவில் ஒரு கமிட்டி வைத்து வண்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். ஜாம்பியாவில் பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டு ஆராய்ச்சியும் செய்தார்கள், மேலே சொன்ன நிஷித் பிரகாஷ் அதிலும் இருக்கிறார். பள்ளிக்குப் போகிற நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, தாமதமாக வருவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது, லீவு போடுவது கால் பங்குக்கு மேல் குறைந்தது. வழியில் கேலி, விசில் தொந்தரவும் குறைந்ததாக அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். உலகம் முழுக்க டீக்கடை பெஞ்ச் ஒன்றுதான் போல.

நம் வண்டிக்கும் அந்த மெக்கானிக் ஏற்பாடு ஒன்று வந்தால் நான் கொடுத்த மூன்று நாலாகிவிடும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஐடிஐ இல்லாவிட்டாலும் சைக்கிள் கடை இருக்கிறது. வருடத்துக்கு ஒரு சர்வீஸ் கூப்பன் வண்டியோடு கொடுத்தால், கடைக்காரருக்கும் பிழைப்பு, வண்டியும் பாதியில் மூலைக்குப் போகாது. இப்போது பஞ்சர் ஒட்டக் காசில்லாமல் ஒரு வாரம் லீவு போடுகிற பிள்ளைகளை எனக்கே தெரியும். ஐயாயிரம் ரூபாய் வண்டி முப்பது ரூபாய் பஞ்சருக்காகத் திண்ணையில் சாய்ந்து நிற்கும்.

இந்த வண்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லாத ஊர்களும் இருக்கின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும். கல்வராயன் மலையிலோ ஜவ்வாது மலையிலோ ஏற்ற இறக்கத்தில் கியர் இல்லாத இந்தக் கன வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கெல்லாம் பிள்ளையை அனுப்பிவைக்க விடுதிதான் வழி, பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும், 2004இல் ஆரம்பித்த கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா என்கிற பெண்பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளும் அதற்குத்தான். அதைப் பற்றி விடுதியில் பிள்ளையை விட்டவர்கள் யாராவது இதே மாதிரி விலாவாரியாக எழுதினால் நன்றாக இருக்கும், நான் பார்த்தது சைக்கிளை மட்டும்தான். அதே போல, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இந்த வண்டி வீட்டில் நிற்கிற அலங்காரப் பொருள், அவளுக்கு மூன்று சக்கர வண்டி தனியாக மனு போட்டு வாங்க வேண்டும்.

பன்னிரண்டு முடித்ததும் விற்றுவிடுகிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி வருகிறது. விற்கிறார்கள்தான், பஜாரில் முத்திரை சுரண்டின கூடையோடு நிறைய வண்டி நிற்கிறது. விற்கட்டுமே. இரண்டு வருடம் அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி தன் வேலையை முடித்துவிட்டது. அந்தக் காசு காலேஜ் அட்மிஷனுக்கு ஆனால் இன்னும் நல்லது. கொடுத்த மறு வாரமே விற்கிற அப்பாக்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும், அப்படியும் இருக்கிறார்கள், கொஞ்சம் பேர்.

ஆக, வண்டிக்கு மூன்று, திட்டத்துக்கு நாலு. ஒன்பதாம் வகுப்புக்கு இறக்கினால் மிச்சம் ஒன்றையும் கொடுத்துவிடுவேன்.

இந்த வருடம் வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக நடைமுறை விஷயம். வண்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன்னால் பூட்டு, சாவி இரண்டு, பெல், கூடைக் கம்பி, சீட் எல்லாம் இருக்கிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள், வெளியே வந்துவிட்டால் கேட்க ஆளில்லை. கூடைக் கம்பிக்கு வாஷர். பிரேக் கட்டை நாலும் மாற்றம். சார்ஜ் போடுகிற சின்ன லைட் ஒன்று ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள், இருநூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. துப்பட்டாவைப் பின் குத்தி முடிச்சுப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், சாரி கார்டு இருந்தாலும் முன் செயினில் மாட்டும். வால்டியூப், அதாவது காற்று அடிக்கிற வால்வில் மாட்டுகிற சின்ன ரப்பர் குழாய், இரண்டு வாங்கி ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு வையுங்கள். காற்றுப் பம்ப் மட்டும் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும், அதை யார் வீட்டில் வைப்பது என்று எங்கள் ஊரில் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.